முப்பது மைல் தள்ளிப்போன ஏரி

கம்பளிக்குள் படுத்தபடியே நான் சொன்ன மூன்றே சொற்களால் ஓர் ஏரி முப்பது மைல் தள்ளிப்போய்விட்டது. "சாவி கொடுத்தாச்சு, ஐயா." அவ்வளவுதான். இத்தனை பெரிய காரியத்துக்கு நான் எழுந்துகூட உட்காரவில்லை.

சொன்னது 1896 ஜூன் இருபத்து மூன்றாம் தேதி காலை. ரயில் பாதை முடிகிற ஊட்னடாட்டாவிலிருந்து மேற்கே புறப்பட்டு நாற்பத்தோராவது நாள். பூமியின் தென்பாதியில் ஜூன்தான் குளிர்காலம். ஜூன் மாதத்துப் பாலைவனம் வெயில் காயும் இடம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் அங்கே படுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பைகள் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தன. நான்தான் சமையல்காரன். ஆனால் அன்றைக்கு நெருப்பு மூட்டித் தேநீர் வைத்தது ஒட்டகக்காரர் மீர்பாஸ். நான் கம்பளியிலிருந்து மூக்கை மட்டும் வெளியே விட்டு, பிறகு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மொத்தம் நான்கு பேர். தலைவர் ஹோரஸ் விட்கோம், நில அளவையாளர், நாற்பத்து நான்கு வயது, சட்டைப் பொத்தானைப் பாலைவனத்திலும் கழுத்துவரை போடுகிறவர். பதினான்கு ஒட்டகங்களோடு மீர்பாஸ். பெஷாவர் பக்கத்திலிருந்து வந்தவர். வழியும் தண்ணீரும் தெரிந்தவராக ரூஃபஸ். அது ஏதோ ஒரு பண்ணையில் வைத்த பெயர். சொந்தப் பெயரை அவர் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நாங்களும் நடந்துகொள்ளவில்லை. நான்காவதாக நான், ஆம்ப்ரோஸ் டன்ஸ்டன், இருபத்து நான்கு வயது. சமையல், பாத்திரம், கடிகாரம் என் பொறுப்பு.

கடிகாரத்தைப் போய் ஒரு சமையல்காரனிடம் கொடுப்பார்களா என்றால், கொடுக்க வேறு ஆள் இல்லை. வடக்கே தெற்கே எவ்வளவு வந்திருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிழக்கே மேற்கே எவ்வளவு என்று சொல்லத்தான் கடிகாரம் வேண்டும். தெற்குக் கடற்கரை நகரமான அடிலெய்டின் நேரத்தை அது விடாமல் காட்டிக்கொண்டே வர வேண்டும். நம் தலைக்கு மேல் உச்சி வேளை ஆகும்போது அடிலெய்டில் மணி எத்தனை என்று பார்த்தால், அடிலெய்டிலிருந்து எவ்வளவு மேற்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஒரு நிமிடம் பிசகினால் பதினைந்து மைல் பிசகும். புறப்படும்போது மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஒன்றை வைத்திருந்த பெட்டியோடு சேர்த்து ஓர் ஒட்டகம் மணலில் புரண்டு முதுகு சொறிந்துகொண்டது. இன்னொன்று மணல் தின்று செத்தது. மிச்சம் இருந்தது ஒன்று. கம்பளி வைத்துத் தைத்த சிறிய பெட்டிக்குள், பகலெல்லாம் என் மார்பில் தொங்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு விட்கோம் நாட்குறிப்பு எழுதும்போது அவர் பக்கத்தில் இருக்கும். படுக்கும்போது திரும்பவும் என்னிடம் வந்துவிடும்.

அதற்கு ஒரு சடங்கு உண்டு. தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, "சாவி கொடுத்தாச்சு, ஐயா" என்று தலைவரிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும்வரை அவர் தேநீரை வாயில் வைக்க மாட்டார். கப்பல் கேப்டன்களிடமிருந்து வந்த வழக்கமாம். குவளையைக் கையில் பிடித்தபடி என் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். நாற்பது நாள் சொல்லிச் சொல்லி, அந்த மூன்று சொற்கள் என்னைக் கேட்காமலே வாயிலிருந்து வர ஆரம்பித்துவிட்டன. அன்று காலையும் அவர் குவளையோடு என் கம்பளிக் குவியலைப் பார்த்தார் போலிருக்கிறது. வாய் தன் வேலையைச் செய்தது. கை செய்யவில்லை. அவர் தேநீரைக் குடித்தார்.

அன்று முழுக்க எனக்கு நினைவே வரவில்லை. இருபத்து நான்காம் தேதி விடியலில் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கடிகாரத்துக்குச் சுண்டெலி கொறிப்பது போல ஒரு சத்தம் உண்டு. அது இல்லை. முள் இரண்டே காலில் நின்றிருந்தது. முந்தின நாள் மத்தியானமே நின்றிருக்க வேண்டும்.

விட்கோம் குவளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியைக் கொடுத்தேன். சத்தம் வந்தது. "சாவி கொடுத்தாச்சு, ஐயா" என்றேன். யோசித்துப் பார்த்தால், முதல் நாள் சொன்னது பொய். அதில் சோம்பல்தான் இருந்தது. இரண்டாம் நாள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. பாவம் அதில்தான் இருந்தது.

கடிகாரம் ஓடியது. ஆனால் என்ன மணி என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒட்டகத்தின் பின்னால் நடந்தபடியே காலை முழுவதும் மூளையைக் கசக்கினேன். நாம் இருக்கிற இடம் தெரிந்தால், உச்சி வேளையில் அடிலெய்டு மணி என்ன என்று திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணிவிடலாமே! தலைவர் பக்கத்தில் போய், "ஐயா, நாம இப்ப எவ்வளவு மேற்கால இருக்கோம்?" என்று கேட்டேன். ஆறு வாரத்தில் உப்பு எவ்வளவு என்பதைத் தவிர வேறு எதையும் அவரிடம் கேட்டறியாதவன் நான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கடைசியாகக் கணக்கிட்ட எண்ணையும் அதற்குப் பிறகு நடந்த மைல்களையும் மெதுவாக, நான் மனப்பாடம் செய்துகொள்கிற மாதிரி, இரண்டு தடவை சொன்னார்.

மதியம் மீர்பாஸைப் பிடித்தேன். தொழுகைக்காக அவர் தினமும் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்ப்பார். நிழல் குறைந்து குறைந்து வந்து, நின்று, மறுபக்கம் நீள ஆரம்பிக்கிற இடம்தான் உச்சி.

"மீர்பாஸ், நெழல் நிக்கறப்ப எனக்குச் சொல்லு. ஒரு நொடிகூடத் தப்பக் கூடாது."

"என்ன, தொழப் போறியா?"

"இல்ல. ஒரு வேண்டுதல்."

"நீ காலைல எழுந்திரிக்கணும்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நடக்க மாட்டேங்குது." குச்சியைக் குனிந்து பார்த்தார். "இப்ப!"

முள்ளைத் திருப்பி வைத்தேன். உலகமே சரியாகிவிட்டது போல இருந்தது. இரவு ரொட்டிகூட அன்றைக்குக் கருகவில்லை.

ஒன்பது நாள் கழித்து ரூஃபஸ் எங்களை ஒரு மணல்மேட்டின் மேல் ஏற்றி நிறுத்தினார். கீழே தண்ணீர். எப்போதோ பெய்த மழையில் நிறைந்து, கரையெல்லாம் உப்பு பூத்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி. ஒட்டகங்கள் ஓட்டம் பிடித்தன. ரூஃபஸ் அதற்கு ஒரு பெயர் சொன்னார். விட்கோம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, தாளில் "ஹெஸ்டர் ஏரி" என்று எழுதினார். ஹெஸ்டர் அவருடைய ஒரே மகள். அப்போது எட்டு வயது. கண்டுபிடிப்பது என்றால் இதுதான். தெரிந்தவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார், தெரியாதவர் பெயர் வைப்பார்.

வரைபடம் அச்சானது. விட்கோமுக்குப் பாராட்டு விழாகூட நடந்தது. ஐந்து வருடம் கழித்து, அந்த வரைபடத்தை நம்பி இன்னொரு கூட்டம் போயிற்று. ஹெஸ்டர் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் மணல்மேட்டுக்குப் பின்னால் மணல்மேடாக இருந்தது. நான்கு நாள் தேடி, இரண்டு குதிரைகளைப் பலிகொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். "திரு. விட்கோம் கண்டது கானலாக இருக்கலாம்" என்று அறிக்கை எழுதினார்கள். அடுத்த பதிப்பில் ஏரி இல்லை.

அந்தச் செய்தியைப் படித்த அன்று ஒரு பண்ணையில் பழைய பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சூரியனின் உச்சியும் கடிகாரத்தின் பன்னிரண்டும் வருடத்தில் நான்கே நாள்தான் ஒத்துப்போகும். மற்ற நாளெல்லாம் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எந்த நாளில் எவ்வளவு என்று பஞ்சாங்கத்தில் அட்டவணையே இருக்கிறது. ஜூன் இருபத்து நான்கில் இரண்டு நிமிடம். மீர்பாஸின் குச்சி பிசகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைக் கூட்ட மறந்தவன் நான். இரண்டு நிமிடம், முப்பது மைல். எங்களிடமும் அதே மாதிரி பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. நான் அதன் மேல் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

மறு வருடம் ரூஃபஸைப் பார்த்தபோது, "அந்த ஏரி அங்க இல்லையாமே" என்று மெல்ல ஆரம்பித்தேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "ஏரி உக்காந்த எடத்துலதான் உக்காந்திருக்கு. ஒங்க தாளுதான் நடந்துக்கிட்டிருக்கு" என்றார்.

விட்கோமுக்கு நான்கு கடிதம் எழுதினேன். துணிச்சலாக எழுதினேன் என்று நினைத்துவிட வேண்டாம். "ஐயா, கடிகார விஷயமாகத் தங்களிடம் ஒன்று பேச வேண்டும்" என்ற அளவில்தான் எல்லாக் கடிதமும் நிற்கும். பதில் தவறாமல் வரும். முதல் பதிலில் அவர் தோட்டத்து ரோஜாக்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம். இரண்டாவதில் பிளம் பழம் அந்த வருடம் நன்றாக வந்ததாக. மூன்றாவதில் ரோஜாவுக்கு மீன் எரு நல்லதா, குதிரை எரு நல்லதா என்று என்னையே கேட்டிருந்தார். நான்காவதற்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். விடச் சொல்லி ஒரு சாக்கு கிடைத்தால் நான் எப்போதுமே நன்றியோடு வாங்கிக்கொள்கிறவன்.

பிறகு ஊட்னடாட்டாவில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் விடுதியில் பீர் ஊற்றுகிறவனாக அமர்ந்தேன். மாடு ஓட்டுகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், தந்திக்காரர்கள் எல்லாருக்கும் நான்தான் பழைய பயணங்களின் களஞ்சியம். பாலைவனத்தில் கடல் இருக்கும் என்று நம்பிப் படகைத் தூக்கிக்கொண்டு போனவர் யார்? சீனத்து வெண்கல மணியும் சாப்பாட்டு மேசையும் கட்டிக்கொண்டு கண்டம் தாண்டப் புறப்பட்டவர் யார்? எந்த முகாமில் வெயில் தாங்காமல் பென்சிலுக்குள்ளிருந்து கரி கழன்று விழுந்தது? அடுத்தவர்கள் பண்ணின கோமாளித்தனம் அத்தனையும் எனக்கு அத்துப்படி. சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். நான் யாரோடு போனேன் என்பதை மட்டும் சொன்னதில்லை.

இந்த வருடம், 1927 அக்டோபரில் ஒரு மத்தியானம், ஹெனகன் என்கிற மாட்டுக்காரன் ரயிலில் வந்த பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இப்போது எல்லாப் பத்திரிகையிலும் கேள்வி-பதில் பைத்தியம்தான். அன்றைக்குப் பத்துக் கேள்வி, பழைய பயணிகளைப் பற்றி.

"ஏலே ஆம்பி, படகுக்காரன் ஒண்ணாவது கேள்வி. மேசை, மணி நாலாவது கேள்வி. ஒன்னைக் கேட்டுத்தான் எழுதியிருப்பானுங்க போல!" என்று கத்தினான். "இந்தா, ஏழாவது. 'இல்லாத ஏரிக்குத் தன் மகளின் பெயரை வைத்த பயணி யார்?' அடி சக்கை! யாருப்பா அது? பீரைப் போட்டுட்டுப் போயிருப்பானோ?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் குவளை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"தெரியல" என்றேன்.

"ஒனக்கே தெரியலையா? அப்ப பெரிய முட்டாளாத்தான் இருக்கணும்" என்றான் ஹெனகன்.

சாயங்காலம் தண்டவாளத்தைத் தாண்டி மீர்பாஸ் வீட்டுக்குப் போனேன். பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து சேணம் தைத்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டியும் ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை. நடந்ததைச் சொன்னேன். குச்சி, கடிகாரம் எல்லாவற்றையும் முதல் முறையாக அவரிடம் சொன்னேன்.

"ஓ, அதுக்குத்தானா அந்த வேண்டுதல்?" என்றார். "நான் கடவுளுக்குப் பார்த்த நெழலை நீ கடிகாரத்துக்குத் திருடியிருக்க. கடவுள் ரெண்டு நிமிஷத்தைப் பெருசா எடுத்துக்க மாட்டார். ஒங்க கவர்மெண்ட்டு எடுத்துக்குது."

"நீதான் பதினாறு வருஷம் முன்னாடி அந்த வழியாப் போனியே. ஏரியப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஒட்டகம் குடிச்சுது. கானலைக் குடிக்கிற ஒட்டகம் எங்கிட்ட இல்ல." நூலைப் பல்லால் கடித்தார். "அந்தப் பொண்ணு, பேரு என்ன, ஹெஸ்டர். இப்ப அதுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொம்பது."

"முப்பத்தொம்பது வருஷத்துல பாதிக்கு மேல ஊரே அதைப் பார்த்து, நீ இல்லாத ஏரின்னு சொல்லியிருக்கும். இங்க வந்து எங்கிட்டப் பொலம்பற. டிக்கெட்டு எடு, போ."

மூன்று நாள் ரயில் பயணம். போகும்போதே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். முதலில் எழுதியதில் குளிரைப் பற்றி நிறைய இருந்தது. அதை அடித்தேன். இரண்டாவதில் ஒட்டகம் புரண்டது நிறைய இருந்தது. அதையும் அடித்தேன். கடைசியில் ஆறு வரி மிஞ்சியது. சாவி கொடுக்காமல் கொடுத்ததாகச் சொன்னவன் நான், மறுநாள் இரண்டு நிமிடம் தப்பாக முள்ளைத் திருப்பியவன் நான், ஏரியை முப்பது மைல் மேற்கே தேடினால் கிடைக்கும், இப்படிக்கு ஆம்ப்ரோஸ் டன்ஸ்டன்.

அடிலெய்டைத் தாண்டி, கடற்கரை ஓரம் அவர்கள் வீடு. கதவைத் திறந்தது ஹெஸ்டர். உயரமாக, விரலில் சுண்ணாம்புக்கட்டித் தூளோடு, அப்பாவுடைய அதே நேர்ப்பார்வையோடு இருந்தாள். பெயரைச் சொன்னதும் புருவத்தை உயர்த்தினாள்.

"கடிகார விஷயமா ஒண்ணு பேசணும்னு எழுதுவீங்களே, அந்த டன்ஸ்டனா?"

"அதே டன்ஸ்டன்தாம்மா."

"இருபத்தாறு வருஷமா அந்த ஒண்ணு என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். உள்ள வாங்க."

வாசலிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் தைரியம் ஆறிவிடும் என்று எனக்குத் தெரியும். அவள் நின்றபடியே படித்தாள். சுண்ணாம்புத் தூள் சொன்ன மாதிரி பள்ளிக்கூட டீச்சர்தான், ஓர் இடத்தில் விரல் தானாக ஓர் எழுத்துப் பிழையைத் தொட்டது. பிறகு தாளை மடித்து, திரும்பப் பிரித்து, இன்னொரு முறை படித்தாள்.

"எங்க பள்ளிக்கூடத்துல என் பேரு என்ன தெரியுமா?" என்றாள். "கானல் டீச்சர். புதுசா வர பிள்ளைங்களுக்குக்கூட முதல் வாரமே தெரிஞ்சிடும். போன வாரம் ஒரு பொண்ணு அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து, 'ஏழாவது கேள்வி நீங்கதானே டீச்சர்'னு கேட்டுச்சு. ஆமாம்மான்னு சொன்னேன்." கடிதத்தை மடித்தாள். "நெசமாவே இருக்கா, அந்த ஏரி?"

"ஒட்டகம் குடிச்சிருக்கும்மா."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

விட்கோம் பின்கட்டில் ரோஜாச் செடிகளைப் பார்த்த நாற்காலியில் இருந்தார். எழுபத்தைந்து வயது. கழுத்துப் பொத்தான் இன்னும் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், முந்தாநாள் பிரிந்தவர் போல, "டன்ஸ்டன், கடைசியில எந்த எருதான் நல்லது?" என்றார்.

"ஒட்டக எரு ஐயா" என்றேன்.

"அது இங்க எங்க கிடைக்கும்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஹெஸ்டர் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு குடிக்காமல் அவளைப் பார்த்தார். "சாவி கொடுத்தாச்சுப்பா, கூடத்துக் கடிகாரத்துக்கு" என்றாள் அவள். அவர் குடித்தார்.

அவளே கடிதத்தைப் படித்துக் காட்டினாள். ஆறு வரி, அதிக நேரம் ஆகவில்லை. அவர் ஒரு ரோஜாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எழுத்து நல்லாருக்கு" என்றார் கடைசியில். "நீ சுருக்கமா எழுதுவேன்னு நினைக்கவே இல்ல. ஆனா இதை அனுப்ப வேண்டாம்."

"ஏன் ஐயா?"

"பழைய விஷயம். இந்தச் சிவப்புச் செடியில பேன் பிடிச்சிருக்கு பாரு, டன்ஸ்டன். சோப்புத் தண்ணி அடிக்கணும்."

"அப்பா" என்றாள் ஹெஸ்டர். "ஏரி இருக்குங்கறார். ஒத்தைக் கடிதத்துல ஒங்க பேரும் சரியாயிடும், என் பேரும் சரியாயிடும். ஏன் வேண்டாம்?"

"சோப்புத் தண்ணிதான் நல்லது" என்றார் அவர்.

ஹெஸ்டர் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தோல் அட்டை போட்ட நாட்குறிப்பு இருந்தது. மூலைகளில் இன்னும் சிவப்பு மண். "இவர் சொல்ற கணக்கு சரியான்னு இதுல பார்த்துடலாம். எந்தத் தேதின்னு சொன்னீங்க?" என்று என்னிடம் நீட்டினாள். விட்கோமின் கை ஒருகணம் தடுப்பது போல எழுந்து, பிறகு நாற்காலியின் கைப்பிடியில் இறங்கியது.

அந்தப் புத்தகத்தை நான் பிரித்துப் பார்த்ததே கிடையாது. தினம் ஒரு பக்கம். எத்தனை மைல், எந்தத் திசை, என்ன மண், எங்கே தண்ணீர். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: "கடிகாரத்துக்குச் சாவி: டன்ஸ்டன்." நாற்பது நாளும் என் பெயர். ஒரு ராஜாவின் பெயரைக்கூட யாரும் அத்தனை ஒழுங்காக எழுதியிருக்க மாட்டார்கள். ஜூன் இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்து மூன்றுக்குத் திருப்பினேன். பதினொரு மைல், மேற்கு, முட்புதர், தண்ணீர் இல்லை. அத்தோடு நின்றது. அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டு, காலியாக இருந்தது. அடுத்த பக்கத்தில் திரும்பவும் என் பெயர். அதற்குப் பின் கடைசி நாள்வரை ஒரு பக்கம் தவறவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எழுதிக்கொண்டிருந்தார். கடிகாரப் பெட்டி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மணலைப் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள், நிழலைப் பிடித்து மணி வைக்கப் போகும் முன் நான் இடம் கேட்டபோது, ஏன் என்று கேட்காமல் இரண்டு தடவை எண்ணைச் சொன்னார். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் முன்னால் உட்கார்ந்தன.

புத்தகத்தை விரித்தபடியே அவர் மடியில் வைத்தேன். ஹெஸ்டரும் குனிந்து அந்தக் காலி வரியைப் பார்த்தாள்.

"ஐயா" என்றேன். இருபத்தாறு வருடத்துக்கு முன் கடிதம் கடிதமாகச் சுற்றிய விஷயம், வாயால் கேட்கும்போது ரொம்பச் சின்னதாக இருந்தது. "கடிகாரம் நின்னுபோனது அன்னிக்கு ராத்திரியே ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் ரோஜாவைப் பார்த்தார். எருவைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குவளையை எடுத்து, அதில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "காதுல வெச்சுப் பார்த்தேன். சத்தம் இல்ல. ஒண்ணும் சொல்லாமப் பெட்டியை மூடிட்டேன். இருந்தது அது ஒண்ணுதான். அது நின்னுட்டா அத்தோட திரும்பணும்னுதான் எனக்கு உத்தரவு. நீ காலைல வந்து நின்னுபோச்சுன்னு சொல்லியிருந்தா, அத்தனை தூரத்தையும் விட்டுட்டு ஒட்டகத்தைத் திருப்பியிருக்கணும். டீயைக் கையில வெச்சுக்கிட்டு, நீ உண்மையைச் சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டே நின்னேன், டன்ஸ்டன். நீ சொல்லல. நான் குடிச்சுட்டேன்."